வரி பாக்கிக்குச் ‘சமாதான்’, வன்கொடுமை வழக்குக்குச் ‘சமாதானம்’

தமிழ்நாட்டில் ‘சமாதானம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஊருக்குள் பெரிய கடை வைத்திருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். வணிகவரித் துறைக்குக் கட்ட வேண்டியதில் ஒரு பங்கைக் கட்டிவிட்டு மீதியைக் கழித்துக்கொள்வது என்று புரிந்துகொள்வார். காலனியில் இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். காவல் நிலையத்தில் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வது என்று புரிந்துகொள்வார். முதல் சமாதானத்தில் அரசு விட்டுக்கொடுக்கிறது. இரண்டாவதில் அடிபட்டவர் விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஒரே சொல்லுக்கு இப்படி இரண்டு பொருள் வந்தது தற்செயல் அல்ல. யாருடைய பாக்கியை மன்னிக்கலாம், யாருடைய பாக்கியைக் கழுத்தைப் பிடித்து வசூலிக்க வேண்டும் என்பதை இந்தச் சமூகம் சாதியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. அரசும் அந்தச் சமூகத்திலிருந்து வந்ததுதான். காவிரியின் வடகரையில், தொட்டியத்தில் இருந்துகொண்டு இதை எழுதும்போது எனக்கு இதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

மன்னிப்பின் கணக்கு

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 2023 அக்டோபர் 10 அன்று அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் ‘சமாதான்’ திட்டத்தை அறிவித்தார். ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பிருந்த சட்டங்களின் கீழ், அதாவது பொது விற்பனை வரிச் சட்டம், மதிப்புக்கூட்டு வரிச் சட்டம், மத்திய விற்பனை வரிச் சட்டம் போன்றவற்றின் கீழ், வணிகர்கள் அரசுக்குத் தர வேண்டிய பாக்கி சுமார் 25,000 கோடி ரூபாய். இதைத் தீர்ப்பதற்குத்தான் திட்டம். ரூ.50,000-க்கும் குறைவாக பாக்கி வைத்திருப்பவர்களுக்கு வரி, வட்டி, தண்டத்தொகை எல்லாமே தள்ளுபடி. இதனால் 95,502 வணிகர்கள் பயனடைவார்கள் என்று சொல்லப்பட்டது. அதற்கு மேல் 10 லட்சம் வரை உள்ளவர்கள் மொத்த நிலுவையில் 20 விழுக்காட்டைக் கட்டிக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். அதற்கும் மேலே 1 கோடி வரை, 10 கோடி வரை, 10 கோடிக்கு மேல் என்று படிகள். படிக்கு ஏற்றபடி வரியில், வட்டியில், தண்டத்தில் தள்ளுபடி. 2023 அக்டோபர் 16 முதல் நான்கு மாதங்கள் அவகாசம்.

இது முதல் முறையும் அல்ல. 2002, 2008, 2010, 2011 ஆண்டுகளிலும் தமிழ்நாட்டில் இப்படி நிலுவைத் தீர்வுச் சட்டங்கள் வந்தன. எந்தக் கட்சி ஆட்சி என்பதில் வேறுபாடே இல்லை. ஒன்றிய அரசுக்கும் இதே பழக்கம்தான். 1998-இல் ‘கர் விவாத் சமாதான்’. 2019-இல் ‘சப்கா விஸ்வாஸ்’. பழைய சேவை வரி, கலால் வரித் தகராறுகளில் 50 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 70 விழுக்காடும், அதற்கு மேல் 50 விழுக்காடும் அசல் வரியிலேயே கழிவு. 2020-இல் வருமான வரிக்கு ‘விவாத் சே விஸ்வாஸ்’, 2024-இல் அதற்கு இரண்டாம் பாகம். அவற்றில் தகராறில் உள்ள வரியைக் கட்டினால் போதும், வட்டியும் தண்டமும் போய்விடும். 1997-இல் கறுப்புப் பணத்தைத் தானாக அறிவித்தால் 30 விழுக்காடு வரியோடு விட்டுவிடுகிறோம் என்று ஒரு திட்டம் வந்தது. நேர்மையாக வரி கட்டியவர்களுக்கு அது செய்த அநீதியைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே கண்டித்தார். ஆனாலும் 2016-இல் வேறு பெயரில் மறுபடியும் வந்தது.

பெயர்களைக் கவனியுங்கள். சமாதானம், விசுவாசம், எல்லோருடைய நம்பிக்கை. பாக்கிக்காரரிடம் அரசு எவ்வளவு பதமாகப் பேசுகிறது! இதே அரசு, புறம்போக்கில் குடிசை போட்டவரிடம் பேசும்போது அந்த நோட்டீஸுக்கு என்ன பெயர்? ‘ஆக்கிரமிப்பு அகற்றம்.’

அது யார் கட்டிய பணம்?

விற்பனை வரி இந்த மண்ணில் எப்படி வந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. சென்னை மாகாணத்தில் இராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது மதுவிலக்கு கொண்டுவந்தார். சாராய வருமானம் போனதால் கஜானாவில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க 1939-இல் பொது விற்பனை வரி வந்தது. இந்தியாவில் அப்படியான வரிக்கு அதுதான் தொடக்கம். நிலக்கிழாரின் வருமானத்திலிருந்து எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலிருந்தும் எடுத்தார்கள்.

விற்பனை வரியின் குணமே அதுதான். அதைக் கட்டுவது கடைக்காரர் அல்ல, வாங்குகிறவர். கடைக்காரர் வாங்கி வைத்து அரசிடம் சேர்ப்பிக்கிறார். தொட்டியம், காட்டுப்புத்தூர், முசிறி என்று இந்தக் கரை நெடுக வாழைத்தோட்டமும் கோரைக்காடும்தான். வாழைத்தார் வெட்டிச் சுமக்கிறவர்கள், கோரை அறுத்துக் கிழித்துக் காயவைக்கிறவர்கள், பாய்த் தறியில் உட்காருகிறவர்கள் ஒரு ரூபாய் வருமான வரி கட்டியதில்லை என்று டிவி விவாதங்களில் ஏளனம் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் வாங்கிய மின்விசிறிக்கும் மிக்ஸிக்கும் வரி கட்டியிருக்கிறார்கள். மதிப்புக்கூட்டு வரியின் பொது விகிதம் 12.5 விழுக்காடாக இருந்து 2011 ஜூலையில் 14.5 ஆனபோது, அந்தக் கூடுதல் இரண்டு விழுக்காட்டையும் அவர்கள்தான் கட்டினார்கள். ஜி.எஸ்.டி. வந்த பிறகு குளியல் சோப்புக்கு 18 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22-இல்தான் அது 5 ஆகக் குறைந்தது. எட்டு ஆண்டுகள் அம்பானியும் கோரை அறுக்கும் அக்காவும் ஒரே விகிதத்தில் சோப்புக்கு வரி கட்டினார்கள்.

அந்த அக்கா கல்லாவில் காசு கொடுக்கும்போது, “வரியை அடுத்த வருஷம் இருபது பைசாவாகத் தருகிறேன், மீதியைச் சமாதானமாகப் போகலாம்” என்று சொல்ல முடியுமா? பொருளே கிடைக்காது. அவர் கட்ட வேண்டியதை முழுதாக, ரொக்கமாக, அன்றே கட்டிவிட்டார். அந்தப் பணம் இடையில் எங்கோ தங்கிப்போய், பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து ‘நிலுவை’ என்ற பெயரில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கி அரசிடம் வருகிறது. கழிவு மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.

வணிகர் சங்கத் தோழர்கள் உடனே மறுப்பார்கள். நிலுவை எல்லாமே வாடிக்கையாளரிடம் வாங்கி அமுக்கிய பணம் அல்ல என்பார்கள். உண்மைதான். வெளிமாநில விற்பனைக்கு ‘சி’ படிவம் வந்து சேராததால் கூடுதல் விகிதம் போட்ட வழக்குகள் உண்டு. சரக்கை விற்றவர் வரி கட்டவில்லை என்று, வாங்கியவரின் உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிய வழக்குகள் உண்டு. எந்தப் பொருளுக்கு எந்த விகிதம் என்ற சண்டையில் விழுந்த நிலுவைகளும் உண்டு. இப்படிப்பட்ட தகராறுகளில் சிக்கிய சிறு வணிகர் அலைந்து நொந்திருப்பார். அவருக்குத் தீர்வு வேண்டும்தான். நாம் கேட்பது, இந்த இரண்டு வகையையும் ஏன் ஒரே தட்டில் வைத்து ஒரே கழிவு கொடுக்க வேண்டும் என்பதை. மக்களிடம் வசூலித்ததைக் கட்டாமல் விட்டவரும், படிவம் தொலைந்து மாட்டிக்கொண்டவரும் அரசுக்கு ஒன்றா? மன்னிப்புக்கு அவசரப்பட்டவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்கக்கூட நேரம் ஒதுக்கவில்லை.

ஐம்பதாயிரத்துக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தள்ளுபடி கொடுத்ததை நான் எதிர்க்கவில்லை. அதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். பெட்டிக்கடை வைத்து நொடித்துப்போனவரை பத்து வருடம் கழித்துத் துரத்துவதில் அரசுக்கு ஆகும் செலவே பாக்கியைவிடக் கூடுதல். வசூலிக்கச் செலவு அதிகம், கட்டக்கூடிய நிலையில் அவர் இல்லை, ஆகவே விட்டுவிடுவோம். நியாயமான வாதம். என் கேள்வி ஒன்றுதான். இதே வாதம் காலனிக் கடன்களுக்கு ஏன் ஒருபோதும் பொருந்துவதில்லை?

நம் கடனுக்கு மன்னிப்பு இல்லை

காலனிக்குள் இருக்கும் கடன்களை எண்ணிப் பாருங்கள். முதலில் வாரத் தவணை. நுண்கடன் நிறுவனங்கள் ஐந்து, பத்துப் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கும் கடன். ஆண்டு வட்டி இருபது விழுக்காட்டுக்கு மேல். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அதனால் வசூலுக்கு ஆள் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரியே வசூல்காரியாகிறாள். வீட்டின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டது. சீசனில் மட்டும் வேலை கிடைக்கும் கோரைக்காட்டுக் கூலிக்கு மாத வருமானத்தை எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்பது கடன் கொடுத்தவருக்கே வெளிச்சம்.

அடுத்து கல்விக் கடன். நம் வீடுகளில் முதல் பட்டதாரியாக வந்த பிள்ளைகளின் தலையில் வேலை வருவதற்கு முன்பே விழுந்த கல். 2021 தேர்தல் அறிக்கையில் முப்பது வயதுக்கு உட்பட்ட மாணவர்களின் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்வோம் என்று தி.மு.க. சொன்னது. வணிகர்களின் 25,000 கோடிக்குச் சட்டமுன்வடிவு வந்தது. அதைவிட முன்னால் வாக்குறுதி பெற்ற மாணவர்களுக்குச் சட்டம் வரவில்லை.

“வங்கியிலும் ஒரே தவணைத் தீர்வு இருக்கிறதே, குறைத்துக் கட்டலாமே” என்பார்கள். இருக்கிறது. கட்டிப் பாருங்கள். உங்கள் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று ஒரு சொல் ஏறும். ‘முழுமையாகக் கட்டி முடித்தவர்’ என்று வராது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் அடுத்த வங்கி கடன் மனுவைத் தள்ளி வைக்கும். வீட்டுக் கடன், தொழில் கடன் எல்லாம் சிக்கல். சமாதான் திட்டத்தில் கணக்கை முடித்த வணிகருக்கோ தீர்வுச் சான்றிதழ் கிடைக்கும். பழையதை மறுபடி கிளறக்கூடாது என்ற பாதுகாப்பும் கிடைக்கும். ஒருவருக்குச் சான்றிதழ், இன்னொருவருக்கு வடு. இரண்டு பேரும் செய்தது ஒன்றேதான், கட்ட வேண்டியதைவிடக் குறைத்துக் கட்டினார்கள்.

மேலே போகப் போக மன்னிப்பு இன்னும் பெரிதாகிறது. 2014-15 முதல் 2022-23 வரையிலான ஒன்பது நிதியாண்டுகளில் வணிக வங்கிகள் 14.56 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. கணக்கிலிருந்து நீக்குவது தள்ளுபடி ஆகாது, வசூல் தொடரும் என்று விளக்கமும் சொன்னது. சரி. ஆனால் 2023 ஜூன் மாதம், பணம் இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவர்களோடும் வங்கிகள் சமரசத் தீர்வு செய்துகொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. வேண்டுமென்றே ஏமாற்றியவருக்கே சமரசம் உண்டென்றால், முடியாமல் தவறியவருக்கு ஏன் இல்லை?

பழைய சட்டம் ஒன்றும் இருக்கிறது. 1864-ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம். வெள்ளைக்காரன் நிலவரி வசூலுக்காகப் போட்டது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நில வருவாய் பாக்கி மட்டுமல்ல, அதுபோலக் கருதப்படும் மற்ற பாக்கிகளுக்கும் வட்டாட்சியர் ஜப்தி நோட்டீஸ் விடலாம். அதன் 48-ஆம் பிரிவின்படி, சொத்தை விற்றும் பாக்கி தீராமல், வேண்டுமென்றே கட்டாமல் இருப்பவரைச் சிறையிலும் வைக்கலாம். வருமான வரி பாக்கிக்காக மலபார் ஆட்சியர் ஒரு வணிகரை அப்படிச் சிறைப்பிடித்தது செல்லும் என்று 1957-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. வணிகர்களைச் சிறையில் தள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. பல் இல்லாததால் அரசு கடிக்கவில்லை என்ற கதையை நம்பாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன். பல் இருக்கிறது. யாரைக் கடிப்பது என்பதில்தான் சாதி இருக்கிறது.

பயிர்க்கடன் தள்ளுபடியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 2021 பிப்ரவரியில் அன்றைய எடப்பாடி பழனிசாமி அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. விவசாயி நொடிந்தபோது கைகொடுப்பது அரசின் கடமை. ஆனால் பயிர்க்கடன் வாங்க அடங்கல் வேண்டும், சிட்டா வேண்டும், அதாவது நிலம் வேண்டும். நாடு முழுக்கச் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது சுமார் 9 விழுக்காடுதான். வாழைக்குக் குழி வெட்டியவர், தார் சுமந்தவர், காற்றில் வாழை சாய்ந்த வாரம் கூலி இல்லாமல் இருந்தவர் யாருக்கும் அந்தத் தள்ளுபடியில் பங்கு இல்லை. தோட்டக்காரரின் கடன் போனது. தோட்டக்காரரிடம் கூலி முன்பணம் வாங்கியவரின் கடன் அப்படியே நின்றது.

எங்களுக்கு வர வேண்டிய பாக்கி

இதுவரை நாம் கட்ட வேண்டிய கடனைப் பேசினோம். நமக்கு வர வேண்டிய கடனைப் பற்றி எந்த அரசு ‘நிலுவைப் பட்டியல்’ வெளியிட்டிருக்கிறது?

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் பேரில் 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம். பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறோம். அதில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது? அந்த நிலத்தைக் கேட்டதற்காகத்தான் காரணையில் தொடங்கிய போராட்டத்தில், செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார்கள். அது 1994 அக்டோபர் 10. சமாதான் திட்டம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது 2023 அக்டோபர் 10. சரியாக இருபத்தொன்பது ஆண்டுகள். தங்களுக்கு வர வேண்டியதைக் கேட்டவர்களுக்கு ஒரு அக்டோபர் 10-இல் குண்டு. அரசுக்குத் தர வேண்டியதைத் தராதவர்களுக்கு இன்னொரு அக்டோபர் 10-இல் கழிவு. நாள் தற்செயலாகப் பொருந்தியிருக்கலாம், நடத்தை தற்செயல் அல்ல.

கல்வி உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி தொடங்கும்போது கட்டணம் கட்டச் சொல்வார்கள், உதவித்தொகை எப்போது வருமோ அப்போது வரும். இடையில் தேர்வு நுழைவுச் சீட்டை நிறுத்தி வைப்போம் என்று மிரட்டுகிற கல்லூரிகளை இதைப் படிக்கிற உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வணிகர் தாமதித்தால் அரசு வட்டி போடுகிறது. பிறகு அந்த வட்டியைத் தானே தள்ளுபடியும் செய்து தாராளம் காட்டுகிறது. அரசு தாமதித்தால் மாணவருக்கு வட்டி உண்டா? ஒரு பைசா இல்லை.

வன்கொடுமை நிவாரணம். 2016-இல் திருத்திய விதிகளின்படி குற்றத்தைப் பொறுத்து ரூ.85,000 முதல் ரூ.8,25,000 வரை. ஆனால் ஒரே தவணையில் அல்ல. முதல் தகவல் அறிக்கைக்கு ஒரு பங்கு, குற்றப்பத்திரிகைக்கு ஒரு பங்கு, பல குற்றங்களில் தண்டனை வந்தால்தான் கடைசிப் பங்கு. அதே ஆண்டு வந்த கொத்தடிமை மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடுமையான நிலைகளில் மூன்று லட்சம் என்றார்கள். அதையும் முதலாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு கட்டிப்போட்டார்கள். செங்கல் சூளைக்காரர் விடுதலையானால் கல் சுமந்தவருக்குக் காசு இல்லை. வழக்கைச் சரியாக நடத்தாதது அரசு, அதற்கு நட்டம் அடைவது பாதிக்கப்பட்டவர்!

வரி பாக்கிக்காரருக்கு வைத்த நிபந்தனை என்ன? மனு போடு, மேல்முறையீட்டைத் திரும்பப் பெறு, குறைத்த தொகையைக் கட்டு. முடிந்தது.

இரண்டாவது சமாதானம்

காவல் நிலையத்துக்கு வருவோம். கோயில் திருவிழாவில், டீக்கடையில், பைக்கில் போனதற்காக, காதலித்ததற்காக அடி வாங்கிய பையனைக் கூட்டிக்கொண்டு தகப்பன் போகிறார். அங்கே முதலில் எழுதப்படுவது புகார் அல்ல. “ரெண்டு பக்கமும் உக்காந்து பேசி சமாதானமாப் போங்கப்பா. நாளைக்கு அவங்க தோட்டத்துக்குத்தான வேலைக்குப் போகணும்?” இந்த ஒரு வரியில் மொத்தப் பொருளாதாரமும் இருக்கிறது. நிலம் அவர்களிடம், கூலி அவர்களிடம், முன்பணக் கடன் அவர்களிடம். ஆகவே வழக்கையும் அவர்களிடமே விட்டுவிடு.

சட்டம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் குற்றங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிக்கக் கூடியவை அல்ல. 2018-இல் சேர்த்த 18-ஏ பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணையே தேவையில்லை. புகாரைப் பதியாமல் கடமை தவறும் அரசு ஊழியர் மீது 4-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. அந்தப் பிரிவு எத்தனை காவல் ஆய்வாளர்கள் மீது பாய்ந்து நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

உச்ச நீதிமன்றமும் 2021 அக்டோபர் 25 அன்று இராமாவதார் வழக்கில் ஒரு கதவைத் திறந்து வைத்தது. அடிப்படையில் தனிப்பட்ட அல்லது உரிமையியல் தன்மை கொண்ட தகராறு, சாதியின் காரணமாக நடந்தது அல்ல என்று தெரிந்தால், இருதரப்பும் சமரசமான நிலையில் வழக்கை ரத்து செய்யலாம் என்றது. கட்டாயத்தால் வந்த சமரசமா என்று கவனமாகப் பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதில் இருக்கிறது. ஊருக்கு வரும்போது எச்சரிக்கை வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. சமரசம் மட்டும் வந்து சேர்கிறது.

இரண்டு சமாதானங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு புரியும். வரியில் ஏமாந்தது மொத்தச் சமூகம், மன்னிப்பவர் அமைச்சரவை. வன்கொடுமையில் அடிபட்டது ஒரு சேரி, மன்னிக்கச் சொல்வது ஊர். இரண்டிலும் இழந்தவரிடம் யாரும் உண்மையில் கேட்கவில்லை.

தந்தை பெரியாரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். ஈரோட்டில் பெரிய வணிகராக இருந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தின்போது நீதிமன்றங்களைப் புறக்கணிப்பது என்று முடிவானதும், தனக்கு வர வேண்டிய ஐம்பதாயிரம் ரூபாய் கடன் பத்திரங்களை வைத்து வழக்குப் போட மறுத்தார். வேறொருவர் பெயருக்கு மாற்றி வசூலித்துத் தருகிறோம் என்றபோதும் மறுத்தார். தன் பணத்தைத் தானே விட்டுக்கொடுத்தார். அதற்குப் பெயர் தியாகம். அடுத்தவர் கட்டிய வரியை விட்டுக்கொடுப்பதற்குப் பெயர் அது அல்ல.

“இதில் சாதி எங்கே வந்தது?”

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். “வணிகர்களில் பெரும்பாலோர் பிற்படுத்தப்பட்டவர்கள்தானே, அவர்களும் உழைத்து முன்னேறியவர்கள்தானே, எதற்கெடுத்தாலும் சாதியா?” என்பார்கள்.

2015-16-இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி நாட்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களில் பட்டியல் சாதியினர் நடத்துபவை 12.45 விழுக்காடு. அவையும் கிட்டத்தட்ட முழுக்கக் குறுந்தொழில்கள். மக்கள்தொகையில் 16.6 விழுக்காடு இருக்கிறோம். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் நாம். கடைத்தெருவில் ஐந்தில் ஒரு கடை நம்முடையதா? தொட்டியத்தில் எண்ணிப் பாருங்கள், ஸ்ரீரங்கத்தில் எண்ணிப் பாருங்கள், திருச்சி பெரிய கடைவீதியில் எண்ணிப் பாருங்கள். உணவகம் திறந்தால் சாப்பிட வருவார்களா என்ற பயத்தில் ஊர் மாறிப் போய்ப் பெயர்ப்பலகை வைத்தவர்கள் நம் உறவிலேயே இருக்கிறார்கள். வரி பாக்கி வைப்பதற்கே முதலில் ஒரு கடை வேண்டும், முதல் வேண்டும், கடைத்தெருவில் இடம் வேண்டும். அந்த வாசலை சாதி அடைத்த பிறகு, உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கொடுக்கும் சலுகை எப்படிச் சாதியற்ற சலுகை ஆகும்?

இதை அண்ணல் அம்பேத்கர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்தார். நாம் அவரைச் சட்ட மேதை என்று சிலையாக்கி, பொருளாதார அறிஞர் என்பதை மறந்துவிட்டோம். 1925-இல் வெளிவந்த, பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றிய அவரது நூல், யார் தலையில் வரி விழுகிறது, யார் தப்பிக்கிறார் என்பதைப் பேசியது. 1927-இல் பம்பாய் சட்டமன்றத்தில் நிலவரியைக் கேள்வி கேட்டார். வருமானம் இல்லாதவருக்கு வருமான வரி கிடையாது, ஆனால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் சிறு விவசாயி நிலவரி கட்டியே ஆக வேண்டும், இது என்ன நியாயம் என்பது அவர் வாதம். அந்த வாதத்தை இன்று இப்படி நீட்டலாம்: கட்ட வசதியில்லாதவர் கடையில் முழு வரியும் கட்டுகிறார், வசதியுள்ளவர் தகராறு செய்து பாதி கட்டுகிறார்.

“கிடைக்காத பணத்தில் கொஞ்சமாவது கிடைக்கிறதே” என்பது இன்னொரு வாதம். இந்த முறைக்கு மட்டும் பார்த்தால் சரியாகவே தோன்றும். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மன்னிப்பு வரும் என்று தெரிந்தால், ஒழுங்காகக் கட்டுகிறவர் ஏமாளி ஆகிறார். காத்திருக்க வக்கீலும் கணக்காளரும் வைத்துக்கொள்ள முடிந்தவர் லாபம் அடைகிறார். கஜானாவில் குறைகிற பணம் எங்கே கணக்குத் தீர்க்கப்படும்? ஆதிதிராவிடர் நல விடுதியின் கூரையில், குடிநீர்த் தொட்டியில், தாமதமாகும் உதவித்தொகையில். அமைச்சர் வீட்டு வாசலில் அல்ல.

என்ன கேட்கிறோம்?

சமாதானமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வை என்கிறோம்.

ஒன்று. ஒரு கோடிக்கு மேல் கழிவு பெற்ற ஒவ்வொரு நிறுவனத்தின் பெயரையும் தொகையையும் அரசு வெளியிட வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் பாட்டியின் கூலி விவரத்தை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்க முடிகிறது. கோடிகளை மட்டும் எதற்கு மூடி வைக்க வேண்டும்?

இரண்டு. மக்களிடம் வசூலித்து அரசிடம் சேர்க்காத வரிக்கு அசலில் ஒரு ரூபாய்கூடக் கழிவு கூடாது. உண்மையான தகராறுக்குத் தீர்வு கொடு, கையாடலுக்குக் கொடுக்காதே.

மூன்று. ஐம்பதாயிரத்துக்குக் கீழ் உள்ள வணிக நிலுவையை விட்டதுபோல, அதே தொகைக்குக் கீழ் உள்ள தாட்கோ கடன், குழுக் கடன், கல்விக் கடனின் கடைசி நிலுவை எல்லாவற்றுக்கும் ஒரு ‘சமாதான்’ கொண்டுவா. தீர்த்த பிறகு சிபிலில் வடு இல்லாமல் தீர்.

நான்கு. உதவித்தொகையும் வன்கொடுமை நிவாரணமும் தாமதமானால், வரி பாக்கிக்குப் போடும் அதே வட்டியைச் சேர்த்து மாணவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் கொடு.

ஐந்து. புகாரைப் பதியாமல் ‘சமாதானம்’ பேசும் அதிகாரி மீது 4-ஆம் பிரிவைப் பாய்ச்சு.

தோழர்களே, அடுத்த முறை யாராவது உங்களிடம் “சமாதானமாகப் போங்கள்” என்று சொன்னால், ஒரே ஒரு கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். இதில் விட்டுக்கொடுப்பது யார்? நீங்கள்தான் என்று பதில் வந்தால் அது சமாதானம் அல்ல, கப்பம். கப்பம் கட்டுவதை நம் பாட்டன்மாரோடு நிறுத்திக்கொள்வோம்.